வண்டி அல்ல என்று எழுதிக் கொடுத்தவர்

அர்ச்சுனன் வீட்டு முன்னறையில் ஒரே உயரத்தில் இரண்டு சட்டங்கள் தொங்கின. ஒன்றில் கிளன்மோர் தோட்டத்து மாரியம்மன். மற்றதில் படம் எதுவும் இல்லை, ஒரு கடிதம்தான். மலாயில் அச்சடித்த நாலு பத்தி, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று நீல முத்திரை, அடியில் அர்ச்சுனனின் கையெழுத்து. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவரின் கையெழுத்து என்பது பார்த்தாலே தெரியும்.

வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் குடிக்கக் கொடுப்பதற்கு முன்பே, அதைத் தமிழில் சொல்லிக் காட்டுவார். “இந்த இயந்திரம் தோட்ட எல்லைக்குள்ளே மட்டும் வேலை செய்யிற கருவி. பொதுச் சாலையில ஓடாது. அதனால இது மோட்டார் வண்டி கிடையாது, வரியும் கிடையாது.” சொல்லி முடித்துவிட்டு வந்தவர் முகத்தைப் பார்ப்பார். மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது.

அந்த இயந்திரம் ஒரு டிராக்டர். முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் கனத்த கொக்கி, ஆள் உயரத்துக்குப் பின்சக்கரம். கிளன்மோர் தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில் கம்பெனி அதை வாங்கியது. அர்ச்சுனனுக்கு அப்போது இருபது வயது. அப்பா பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்; விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றவர். மகன் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. பெரட்டு முடியும் நேரத்துக்கு டிராக்டரின் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பார். உயரமான இடம். வேலை வாங்கும் மண்டோர்கூட அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டும்.

பிறகு தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாமான் என்று எழும்பிய புதுக் குடியிருப்பில் மலிவு வீடுகளுக்குப் போனார்கள். செம்பனை நின்ற பாதியை வாங்கிய தவுக்கே, சீன முதலாளி, வடிகால் வெட்டவும் குலை ஏற்றவும் ஆள் வேண்டுமென்று அர்ச்சுனனைக் கணக்கெழுதும் கிராணி இருந்த பழைய வீட்டிலேயே இருக்கச் சொன்னார். கம்பெனி கணக்கை முடிக்கும்போது, உனக்கு என்ன வேண்டும் என்று மானேஜர் கேட்டார். அர்ச்சுனன் ஒரே வார்த்தை சொன்னார்: “டிராக்டர்.”

அதே வருஷம்தான் தோட்டத்து மாட்டுக்கொட்டகையையும் விற்றார்கள். அம்மன் ரதத்தை இழுத்த ஜோடி மாடுகளும் அதில் போயின. சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. கோயில் கமிட்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அர்ச்சுனன் டிராக்டரைக் கழுவி, மஞ்சள் பூசி, ரதத்தின் ஏர்க்காலைப் பின்கொக்கியில் மாட்டினார். அம்மன் புறப்பட்டாள்.

அன்று தொடங்கி பத்தொன்பது திருவிழா. கோயிலிலிருந்து செம்மண் பாதையில் முந்நூறு அடி, தோட்டத்து கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஒரு மைல், தாமானைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். ரதத்தின் கலசத்தில் தட்டும்படி தொங்கும் கம்பிகளை மூங்கிலால் தூக்கிப் பிடிக்க வாளியில் ஒருவர் நிற்பார். பெரிய சக்கரத்தின் மட்கார்டு மேல் மெத்தை போட்டு, மடியில் தாம்பாளத்தோடு அர்ச்சுனனின் மனைவி நவமணி உட்கார்ந்து வருவாள். கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் நின்றே வேலை செய்ததில் அவளுடைய முட்டி இரண்டும் போய்விட்டன. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அடுப்படிக்கும் வாசலுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவள், அன்று ஒரு நாள் ஊருக்கு மேலே உட்கார்ந்து போவாள். தாமானில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும், அம்மனுக்கு ஒரு மாலை போட்டால் டிராக்டர் வாளிக்கும் ஒரு மாலை விழும்.

இதெல்லாம் நோய்த்தொற்று வருவதற்கு முன்பு. அப்புறம் இரண்டு வருஷம் ரதம் கொட்டகையை விட்டு நகரவில்லை. அடுத்த இரண்டு வருஷம் கோயிலைப் பிரித்துக் கட்டினார்கள். கும்பாபிஷேகம் முடியாமல் அம்மன் வெளியே வரக்கூடாது.

அந்த இடைவெளியில்தான் வினை வந்தது.

பெருமழை பெய்த ஒரு நாள் மெயின் ரோட்டின் குறுக்கே மரம் விழுந்துவிட்டது. அர்ச்சுனன் டிராக்டரைக் கொண்டுபோய், அரை மணி நேரத்தில் அதைத் தள்ளிப் பாதையைத் திறந்துவிட்டார். அந்தப் பாதையில் முதலில் வந்தது போக்குவரத்து அதிகாரிகளின் வேன். நன்றி சொன்னார்கள். பிறகு, ரோட் டேக்ஸ் எங்கே என்று கேட்டார்கள். கம்பெனி காலத்து நம்பர் பலகை மட்டும் முன்னால் இருந்தது, பேராக் மாநிலத்துப் பழைய ஏ எழுத்து நம்பர். வரி கட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. அபராதச் சமான் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“மரத்தைத் தள்ளினவனுக்குச் சமானாம்!” சாலையோர ஒட்டுக்கடையில் அர்ச்சுனன் மேசையைத் தட்டிக்கொண்டு சொன்னார். “ரோட்டையே பார்க்காத சாமானுக்கு ரோட் டேக்ஸ் எதுக்குலா? நாளைக்கு மம்பட்டிக்கும் கேப்பானுங்க.”

மகன் தீபன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். போனில் சிரித்தான். “அப்பா, அதுக்குச் சக்கரம் இருக்கு, எஞ்சின் இருக்கு, ஸ்டேரிங் இருக்கு. மோட்டார் வண்டி இல்லைன்னா அது என்ன, மாடா?”

“ஆமாடா, மாடுதான். மாட்டுக்கு எவனாச்சும் வரி கேட்டானா?”

“மாட்டுக்கு பிரேக் பிடிக்கலன்னா மாடே நின்னுக்கும்ப்பா. போய் சமானைக் கட்டிட்டு, ரோட் டேக்ஸையும் எடுத்துரு. அந்த வகை வண்டிக்கு ரொம்ப ஆகாதுன்னு சொல்றாங்க.”

ஆகாதுதான். கட்டணம் பெரிய விஷயமே இல்லை. நவமணிகூட அதையே சொன்னாள். ஆனால் அர்ச்சுனனுக்கு அது வீம்பாகிவிட்டது. ஈப்போவில் லகாட் ரோட்டுப் பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த லாயர் பெத்தபெருமாளிடம் போனார். செட்டிநாட்டுக் குடும்பத்து மனிதர், நிதானமாகப் பேசுபவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“உங்க பக்கம் நியாயம் இருக்கு, அர்ச்சுனன். மண்ணு தள்ளுறதுக்கும் சுமை இழுக்கிறதுக்கும் செஞ்ச சாமான், தனியார் நிலத்துக்குள்ளேயே இருந்தா, கார் லாரி மாதிரி வரி கட்டணுமான்னு கேக்கலாம். ஆனா நம்பரை வச்சுக்கிட்டே வண்டி இல்லைன்னு சொல்ல முடியாது. நம்பரை ஒப்படைச்சிரணும். ரோட்டுக்குப் போகவே போகாதுன்னு சத்தியக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எப்பவாச்சும் போகுமா?”

“போகாது சார்.”

“வருஷத்துல ஒரு தடவைகூட?”

“போகாதுங்கிறேன்ல.”

அவர் பொய் சொல்லவில்லை. ரோட்டில் போவது என்றால் அவருக்கு ஈப்போவுக்குப் போவது, பாரிட் புந்தாரில் மச்சான் வீட்டுக்குப் போவது. அம்மன் புறப்படும்போது யாரும் ரோட்டில் போவதில்லை. அன்று ரோடுதான் ஓரமாக ஒதுங்கும். கார்க்காரர்கள் விளக்கைப் போட்டு நிற்பார்கள், சீனக் கடைக்காரர்கள் ஊதுபத்தி கொளுத்தி வைப்பார்கள், தார் தெரியாதபடி தண்ணீரும் மஞ்சளும் தேங்காய்ச் சில்லும் கிடக்கும். அதைப் போய் ஒரு விண்ணப்பப் பாரத்தில் ‘பொதுச் சாலையில் ஓடுவது’ என்று எழுத வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்? தோன்றியிருந்தாலும் ரதமே அந்த வருஷம் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது.

கையெழுத்துப் போட்டார். திருகாணி கழற்றி நம்பர் பலகையை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். டிராக்டர் முகத்தில் நான்கு துளைகள் மட்டும் மிஞ்சின. சமான் ரத்தாயிற்று. திரும்பி வரும் வழியிலேயே படத்துக்குச் சட்டம் போடும் கடையில் இறங்கி, கடிதத்துக்குக் கண்ணாடி போடச் சொன்னார்.

இந்த வருஷம் சித்திரைக்கு மூன்று வாரம் முன்னால், கோயில் செயலாளர் புஷ்பலதா வந்தாள். தாமான் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. எந்தப் பாரத்தையும் வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் நிரப்புவாள். கையில் போலீஸ் அனுமதிப் பாரம்.

“அண்ணே, அஞ்சு வருஷம் கழிச்சு ரதம் புறப்படுது. இந்தத் தடவை எல்லாம் எழுத்துல கேக்கிறாங்க. இழுக்கிற வண்டியோட நம்பர், ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ். நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

அர்ச்சுனன் வாயைத் திறந்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். மூடிக்கொண்டார். புஷ்பலதா அவர் பார்வையைத் தொடர்ந்து திரும்பி, அந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை கேட்டவள், முதல் தடவையாகத் தானே வாசித்தாள்.

“ஐயோ, அண்ணே,” என்றாள்.

அடுப்படியிலிருந்து நவமணியின் குரல்: “என்னா புஷ்பா, சத்தத்தையே காணோம்?”

மறுநாளே அர்ச்சுனன் ஈப்போ போக்குவரத்து ஆபீசில் போய் நின்றார். கவுண்டரில் இருந்த இளம் மலாய்க்காரர் மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரில் தேடி, பழைய பதிவு ரத்தாகிவிட்டது என்றார். மறுபடியும் பதிய வேண்டுமென்றால் முதலில் வாங்கிய காகிதம் வேண்டும். சேசிஸ் நம்பர் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பரிசோதனையில் தேற வேண்டும். காகிதம் கம்பெனியோடு போய்விட்டது. நம்பர் அடித்த இடத்தை நாற்பது வருஷத்துச் சேறு தின்றுவிட்டது. ஒரே ஒரு நாளைக்கு, ஒரு மைலுக்கு, சாமிக்காக என்று அர்ச்சுனன் கேட்டுப் பார்த்தார். அந்த இளைஞர் சத்தியக் கடிதத்தின் நகலைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, கையெழுத்தின் கீழே விரலை வைத்தார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. இது உங்களுடையதுதானே என்று கேட்கிற மாதிரி. அர்ச்சுனன் ஆமாம் என்று தலையாட்டினார்.

கமிட்டிக் கூட்டத்தில் கத்தினார். “வெள்ளைக்காரன் காலத்துல மாடு இழுத்துச்சு. எவன் அனுமதி குடுத்தான்? இன்னைக்கு அம்மனுக்கே ரோட் டேக்ஸா?”

புஷ்பலதா கோபப்படவில்லை. “அம்மனுக்கு இல்லண்ணே, நமக்கு. ரோட் டேக்ஸ்னா வெறும் வரியா? அது இருந்தாத்தான் இன்சூரன்ஸ். டிராக்டருக்குப் பின்னாடி ரதம், ரதத்துக்குப் பின்னாடி இருநூறு பேரு. பிள்ளைங்க சக்கரத்துக்குப் பக்கத்துலேயே வருதுங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?”

அர்ச்சுனன் மட்டும் அறிந்த ஒன்று இருந்தது. கடைசித் திருவிழாவில், தாமான் சரிவில், பிரேக் ஒரு கணம் பிடிக்கவில்லை. ரதம் ஒரு முழம் உருண்டு கொக்கியில் இடித்து நின்றது. அம்மன் ஆடினாள் என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவரும் அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் தனியாக உட்கார்ந்து பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார். நவமணியிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசியில் புஷ்பலதாதான் வழி கண்டுபிடித்தாள். கோயிலிலிருந்து கேட் வரைக்கும் தோட்டத்து மண். அங்கே டிராக்டர் இழுக்கலாம். கேட்டிலிருந்து ஈப்போ காய்கறி லாரி ஒன்று இழுக்கும். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிற லாரி. திரும்பி வரும்போது மறுபடியும் கேட்டிலிருந்து டிராக்டர்.

“முந்நூறு அடி,” என்றார் அர்ச்சுனன்.

“முந்நூறு அடின்னாலும் அம்மன்தானே அண்ணே.”

திருவிழா அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு டிராக்டர் புறப்பட்டது. நம்பர் பலகை இருந்த இடத்துத் துளைகள் நான்குக்கும் நவமணி சந்தனம் அப்பியிருந்தாள். மட்கார்டில் அதே மெத்தை, மடியில் அதே தாம்பாளம். முந்நூறு அடியை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினார். மேளக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியும் கேட் வந்துவிட்டது.

கேட்டுக்குள் லாரி பின்பக்கமாக நின்றிருந்தது. அதன் டிரைவர் தேவன், தாமான் பையன்தான். வேட்டி கட்டி, பட்டை போட்டு வந்திருந்தான். “மன்னிச்சிருங்க அண்ணே,” என்றான், அவன் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

“நீ என்னாடா பண்ணுவ?” என்று சொல்லிவிட்டு அர்ச்சுனன் கொக்கியைக் கழற்றினார். டிராக்டரைச் சுற்றிக் கொண்டுவந்து லாரியின் பக்கத்தில் நிறுத்தினார்.

அப்போதுதான் எல்லோருக்கும் நவமணியின் நினைவு வந்தது. அவளால் ஒரு மைல் நடக்க முடியாது. லாரியின் படி இடுப்பு உயரம். இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தார்கள். நவமணி அவர்களைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

“வாளியை இறக்குங்க.”

“என்னாடி சொல்ற?”

“இறக்குங்கங்கிறேன். கம்பி தூக்குறவனை ஏத்துவீங்க, பொண்டாட்டிய ஏத்த மாட்டீங்களா?”

கூட்டம் சிரித்தது. மட்கார்டிலிருந்து இறக்கி, வாளிக்குள் மெத்தையைப் போட்டு உட்கார வைத்தார்கள். அர்ச்சுனன் நெம்புகோலைத் தொட்டார். செம்பனைக் குலை ஏற்றிய கை, கல்லும் சேறும் அள்ளிய கை. முட்டை தூக்குகிற மாதிரி தூக்கினார். தாம்பாளத்தில் இருந்த சூடம் அணையவில்லை. லாரிக் கதவு உயரத்துக்கு வந்ததும் தேவன் கையைக் கொடுத்தான். நவமணி உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“நீ போய்த்தான் ஆகணுமா?” என்று அர்ச்சுனன் கேட்டார். மேளச் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்டது.

“நம்ம வீட்டுலேருந்து யாராச்சும் ஒருத்தர் போக வேணாமா?”

லாரி நகர்ந்தது. ரதம் கேட்டைத் தாண்டித் தாரில் ஏறியது. வாளி இல்லாததால் இரண்டு பேர் லாரிக் கூரையில் நின்று மூங்கிலால் கம்பியைத் தூக்கினார்கள். சுலபமாகவே தூக்கினார்கள்.

அர்ச்சுனன் கேட்டுக்கு உள்ளேயே நின்றார். டிராக்டரை விட்டுவிட்டு அவரும் நடந்து போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். புஷ்பலதா கூப்பிடக்கூடச் செய்தாள். “நீங்க போங்க, வாரேன்,” என்றார். போகவில்லை. முன்சக்கரம் எல்லைக்கல்லைத் தொட்டபடி நிற்க, இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மேளச் சத்தம் தாமான் பக்கம் திரும்பி, தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

வரி கட்ட வேண்டுமா, வேண்டாமா என்று மூன்று வருஷம் எத்தனை பேரிடம் வாதாடியிருப்பார். அந்த இருக்கையில் இருந்தபடி மறுபடியும் யோசித்துப் பார்த்தார். செம்பனைக்குள்ளேயே கிடக்கிற சாமானுக்கு வரி கேட்பது நியாயமில்லை என்றுதான் இப்போதும் பட்டது. லாயர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் தன்னுடையது உள்ளேயே கிடந்த சாமான் இல்லையே. பின்னால் இருநூறு பேரை வைத்துக்கொண்டு பத்தொன்பது தடவை வெளியே போய் வந்த சாமான். ஒரு முழம் உருண்டபோது, பக்கத்தில் வந்த பிள்ளைகளில் யாருடைய காலாவது நடுவில் இருந்திருந்தால்? தீபன் சொன்ன சின்னத் தொகையைத் தொடக்கத்திலிருந்தே கட்டியிருந்தால், வருஷா வருஷம் பரிசோதனையில் யாரோ ஒருவன் அந்த பிரேக்கைத் தட்டிப் பார்த்திருப்பான். நம்பர் இருந்தது. கையிலேயே இருந்தது. தானே திருகாணி கழற்றினார்.

இருட்டும் நேரத்துக்கு மேளம் திரும்பி வந்தது. லாரி கேட்டுக்குள் நுழைந்து நின்றது. வாளியை உயர்த்தி நவமணியை இறக்கினார். அவள் மடி நிறைய மாலைகள்.

“என்னா இது?”

“வாளிக்குப் போடுற மாலை. வாசல்ல நின்னுக்கிட்டு, டிராக்டர் எங்க, டிராக்டர் எங்கன்னு கேக்கிறாங்க. லாரியில எங்க போடுறதுன்னு தெரியாம என் மடியில போட்டுட்டாங்க. புடவையெல்லாம் தண்ணி.”

ரதத்தை மாட்டிக்கொண்டு முந்நூறு அடியைக் கடந்தார்கள். பாதி தூரத்தில் கேட்டார்: “லாரி எப்படி இருந்துச்சு?”

“ஏர்கான் நல்லா இருந்துச்சு.” கொஞ்சம் விட்டுச் சொன்னாள்: “தாமானே தெரியல. கண்ணாடிக்குள்ள உக்காந்திருந்தா கீழ இருக்கிறவங்க முகம் எங்க தெரியுது?”

“அடுத்த வருஷமும் லாரிதான்.”

“நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க,” என்றாள். குத்திக் காட்டும் குரல் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

வீட்டுக்கு வந்து, இரண்டு மாலையை வாளிக்குக் கட்டினாள். வாசல் நிலைக்கு ஒன்று. அம்மன் படத்துக்குப் பெரியது ஒன்று. கையில் ஒரு செவ்வந்தி மாலை மிச்சம். சாமி மாலையைத் தரையில் வைக்கக்கூடாது. சுற்றிலும் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்து எட்டி, பக்கத்தில் கடிதம் இருந்த சட்டத்தின் ஆணியில் மாட்டினாள். அப்படியே கோப்பி கலக்க உள்ளே போய்விட்டாள்.

அர்ச்சுனன் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தார். கண்ணாடிச் சட்டம், இரண்டு பக்கமும் தொங்கும் மாலை. அந்த மாதிரி மாலை போட்ட சட்டங்களை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறார், கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதி.

“நவமணி, அதுல ஏன் போட்ட?”

“வேற ஆணி எங்க இருக்கு?” என்றாள் அடுப்படியிலிருந்து.

எடுத்துவிடலாமென்று எழுந்தார். பூவிலிருந்து சொட்டிய தண்ணீர் கண்ணாடியில் இறங்கி, கையெழுத்து இருந்த இடத்தில் வந்து நின்றது. துண்டால் துடைத்தார். மாலையைத் தொடவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து, கோப்பிக்காகக் காத்திருந்தார்.